பருத்திச் சூடு

சலவைக் கடையில் அவளுடைய இஸ்திரிப் பெட்டிக்குச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு உடைந்து ஒன்பது வருடம் ஆகிறது. புதுசு வாங்கித் தருகிறேன் என்று முதலாளி ஒவ்வொரு வருடமும் சொல்வார். அவளும் ஒவ்வொரு வருடமும் தலையாட்டுவாள். உண்மையில் அவளுக்குப் புதுசு வேண்டாம். புறங்கையைப் பெட்டியின் அடித்தட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தால் போதும். இது நைலானுக்கு ஆகுமா, பட்டுக்கா, கம்பளிக்கா, பருத்திக்கா என்று கை சொல்லிவிடும். கை சொன்னது ஒரு நாளும் பொய்த்ததில்லை.

வாய்தான் அவளுக்கு வராது. வாடிக்கையாளர் வந்து, "எப்பம்மா கிடைக்கும்?" என்று கேட்டால் விரலை விரித்து எத்தனை நாள் என்று காட்டுவாள். புதிதாக வந்த ஒருவர் முதலாளியின் காதைக் கடித்தார்: "பாவம், பேச வராதா?"

"வருங்க. சிக்கனம்" என்றார் முதலாளி.

அந்தச் சிக்கனம் வீட்டிலும் செல்லுபடியானது. ஏனென்றால் அவள் கணவனின் அக்கா அவர்களோடுதான் இருந்தாள். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் பேசியே சம்பளம் வாங்கினவள் அந்த நாத்தனார். ஓய்வு பெற்றபின் பேச்சுக்குச் சம்பளம் நின்றதே தவிர, பேச்சு நிற்கவில்லை. கணவன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். நாள் முழுக்க ஹாரனும் கூட்டமுமாக இருந்துவிட்டு வருவதால் வீட்டில் அவனுக்கு வாயைத் திறக்கவே சோம்பல். ஆகவே மூன்று பேருக்குமான பேச்சை நாத்தனார் ஒருத்தியே பேசித் தீர்த்தாள். யாருக்கும் குறை இல்லை.

அவர்கள் இருந்தது நாலு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடி. மொத்தம் இருபத்து நாலு வீடுகள். பின்பக்கம், கார் நிறுத்தும் கொட்டகைக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே இருபதடி அகலத்துக்கு ஒரு துண்டு நிலம். உடைந்த நாற்காலியும் துருப்பிடித்த சைக்கிளும் கிடந்த இடம். நாலு வருடத்துக்கு முன்பு குடியிருப்போர் சங்கத்தில் யாருக்கோ உற்சாகம் வந்து அதைச் சுத்தம் செய்து பதினோரு பாத்தி போட்டார்கள். தக்காளி, கத்திரி, அவரை, கீரை என்று ஆளுக்கொன்று விதைத்தார்கள். எல்லாம் முளைத்தது. எல்லாம் ஒரு சாண் உயரத்தில் வெளுத்து நின்றுவிட்டது. சுண்ணாம்பும் செங்கல் தூளுமாக இருந்த மண்ணில் செடி எதைத் தின்னும்?

அவள் அதைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். தினமும் கறிகாய்த் தோலைப் பையில் கட்டித் தெருமுனைத் தொட்டியில் போடும்போதெல்லாம் கை உறுத்தியது. ஒருநாள் விடிகாலையில், யாரும் எழுவதற்கு முன், ஒரு வாளித் தோலையும் கடையில் மிஞ்சும் சட்டை அட்டைகளையும் தூக்கிக்கொண்டு கீழே போனாள். மூலையில் குவித்து, மேலே காய்ந்த இலையைப் பரப்பிவிட்டு, திருடினவள்போல வேகமாக மேலே வந்துவிட்டாள்.

இது நாலு வருடத்துக்கு முந்தைய கதை. இப்போது அந்த மூலையில் பழைய மரச் சட்டங்களை அடித்துச் செய்த மூன்று தொட்டிகள் இருக்கின்றன. முதல் தொட்டியில் புதுக் கழிவு. இரண்டாவதில் அது வேகும். மூன்றாவதில் வெந்து, ஆறி, கறுத்து, மழை பெய்த மண்ணின் மணத்தோடு உரமாகக் கிடக்கும். வேகிறதா என்று பார்க்க அவளிடம் ஒரு இரும்புக் கம்பி உண்டு. கடையில் துணி மாட்டியிருந்த கம்பிதான். அதைக் குவியலின் நடுவில் குத்தி, கால் மணி நேரம் கழித்து உருவி, உள்ளங்கையில் பிடிப்பாள். எவ்வளவு நேரமும் பிடிக்க முடிந்தால் நைலான் சூடு. பத்து எண்ணும்வரை தாங்கினால் பட்டு. ஐந்து என்றால் கம்பளி. தொட்டதும் விட்டுவிடத் தோன்றினால் பருத்தி. பருத்திச் சூடு வந்துவிட்டால் அவளுக்கு அன்றைக்கு முழுக்கச் சிரிப்பு உதட்டோரத்திலேயே நிற்கும்.

கட்டடத்தில் எல்லாரும் இப்போது வாளியைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். முன்பு பதினைந்து வருடம் அவளை யாருக்கும் தெரியாது. இப்போது, "இஸ்திரி அக்கா, ரெண்டு கூடை உரம் வேணும்" என்று படிக்கட்டில் நிறுத்திக் கேட்கிறார்கள். அவள் தலையாட்டுவாள். ஆனால் அவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. வாளி வாளியாக அவள் அவர்கள் எல்லாரையும் படித்து வைத்திருந்தாள். இரண்டாம் மாடி வாளியில் கொஞ்ச நாளாக வெங்காயத் தோல் நின்று ஆரஞ்சுத் தோல் வருகிறது; யாருக்கோ உடம்பு முடியவில்லை. புதிதாகக் கல்யாணமான ஜோடியின் வாளியில் முதல் மாதம் முழுக்கக் கருகல். மூன்றாம் மாதம் உருளைக்கிழங்குத் தோல் காகிதம்போல மெலிசாக வந்தது. சமையல் கற்றுக்கொண்டது கணவன்தான், மனைவி இல்லை என்பதுவரை அவளுக்குத் தெரியும். தோல் இடது கையால் சீவினது.

எதையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. வாளிக்கும் ஒரு மானம் உண்டு அல்லவா.

வினை ஒரு தபாலில் வந்தது. நாத்தனார் உரக்கப் படித்தாள். பொது இடத்தில் உரக்குவியல் வைப்போர் கவனத்துக்கு. குவியலின் நடுவில் ஐம்பத்தைந்து டிகிரியாவது சூடு இருக்க வேண்டும், அப்போதுதான் கிருமியும் களை விதையும் சாகும். நாற்றம், ஈ தொடர்பாகப் புகார் வந்துள்ளது, நகல் இணைக்கப்பட்டுள்ளது. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சுகாதார அலுவலகத்திலிருந்து வந்து அளப்போம். சூடு குறைவாக இருந்தால் பதினைந்து நாளில் தொட்டிகளை அப்புறப்படுத்த வேண்டும்.

"புகார் யாரு குடுத்தாங்கன்னு நான் சொல்லணுமா?" என்றாள் நாத்தனார். "நம்ம கணக்கு வாத்தியார்தான். பாரு, காரணம் ஒண்ணு, காரணம் ரெண்டுன்னு நம்பர் போட்டிருக்காரு."

முதல் மாடியில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாரின் ஜன்னல் சரியாகத் தொட்டிகளுக்கு மேலே இருந்தது. அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. இரண்டு வாரமாக நாற்றம் இருந்தது. காரணமும் அவளுக்குத் தெரியும். குவியலுக்குள் மீன் தலைகளைப் போட்டிருந்தார்கள். அவற்றைச் சுற்றியிருந்த செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் புதிர் பாதி நிரப்பப்பட்டிருந்தது. அந்தக் கையெழுத்து தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுதியது. தெருமுனைவரை நடக்க நாத்தனாருக்கு முழங்கால் வலி. மீன் கழிவைக் குவியலில் போடக்கூடாது என்று அவளுக்கு யார் சொன்னது? சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் விடிகாலையில் தோண்டி எடுத்து, தானே தெருமுனையில் போட்டுவிட்டு வந்தாள்.

சங்கச் செயலாளர் அன்று மாலையே அளவு நாடாவோடு வந்து தொட்டிகள் இருந்த இடத்தை நீளவாக்கில் ஒரு முறை, அகலவாக்கில் ஒரு முறை அளந்தார். "தப்பா நினைக்காதீங்க. ஒருவேளை எடுக்கும்படி ஆச்சுன்னா ரெண்டு கார் நிக்கும்" என்றார்.

அவர் போனபின் அவள் கீழ்ப்படியில் இருந்த வாளிகளை எண்ணினாள். தொட்டி போனால் வாளிகள் போய்விடும். வாளிகள் போனால் படிக்கட்டில், "இஸ்திரி அக்கா" என்று யார் கூப்பிடப்போகிறார்கள்?

குவியல் பயப்படும்படியாக இல்லை. செவ்வாய்க்கிழமை கம்பியை உருவினபோது நல்ல பருத்திச் சூடு. அப்படியே கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் விருந்தாளி வருகிறார் என்றால் எந்த வீட்டில் பெருக்காமல் இருக்கிறார்கள்?

புதன்கிழமை மாலை நாத்தனார், "இப்படி அலங்கோலமா இருந்தா ஆபீஸர் முகம் சுளிக்க மாட்டாங்களா? கொஞ்சம் திருத்தமா வையேன்" என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அவள் இரண்டாம் தொட்டியைக் கிளறினாள். பெரிய துண்டுகளைப் பொறுக்கினாள். கட்டிகளை உடைத்தாள். கிளறினால் ஆவி போய்ச் சூடு இறங்கும் என்று தெரியும், ஆனால் காலைக்குள் கொஞ்சமாவது ஏறிவிடும் என்று நினைத்தாள். அப்போதுதான் அது நடந்தது.

கணவன் கீழே வந்தான். நாலு வருடத்தில் ஒருமுறையும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவன், சீருடைகூட மாற்றாமல், தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "நகரு. நான் ஒரு கை பிடிக்கிறேன்" என்றான். தினமும் டிப்போவில் பேருந்தைக் கழுவுகிற கை. மேலிருந்து கீழாக, மூலை முடுக்கு விடாமல், குவியலைக் கழுவினான். கீழே காப்பி நிறத்தில் தண்ணீர் ஓடி வந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். "போதும்" என்ற ஒரு சொல் தொண்டைவரை வந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தாள். பேருந்து பளபளத்துவிட்டது என்று நினைக்கும்போது வருகிற முகம். தனக்காக இவன் இறங்கி வந்திருக்கிறான், இப்போது போய் நிறுத்து என்றால் இன்னும் நாலு வருடத்துக்கு வரமாட்டான் என்று சொல்லை விழுங்கிவிட்டாள்.

"எப்படி?" என்றான் அவன்.

தலையாட்டினாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வந்தது ஒரு இளம்பெண். கால்சட்டையில் மடிப்பு இரண்டாக விழுந்திருந்ததை அவள் முதல் பார்வையிலேயே கவனித்துவிட்டாள். அவசரமாகத் தானே தேய்த்தது. அந்தப் பெண் பையிலிருந்து முழங்கை நீளத்துக்கு ஊசிபோல ஒரு வெப்பமானியை எடுத்துக் குவியலில் இறக்கினாள். சுற்றி எட்டுப் பத்துப் பேர். ஜன்னலில் கணக்கு வாத்தியார்.

"முப்பத்தெட்டு" என்றாள் அந்தப் பெண்.

"மனுஷனுக்கு முப்பத்தெட்டு வந்தா லீவு குடுக்கிறாங்க. குப்பைக்கு வந்தா பத்தாதாமே" என்று நாத்தனார் முணுமுணுத்தாள். யாரும் சிரிக்கவில்லை. செயலாளரின் கண் தன்னையறியாமல் நிலத்தை அளந்தது. அந்தப் பெண் காகிதத்தை விரித்துப் பேனாவைத் திறந்தாள்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. நல்லபடியாகக் கழுவினோமே என்று நின்றுகொண்டிருந்தான். பேனா காகிதத்தில் பட்டது.

"எழுதாதீங்க."

யார் பேசியது என்று நாத்தனாரே திரும்பிப் பார்த்தாள்.

"நேத்து கிளறிட்டோம்" என்றாள் அவள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அழகா இருக்கணும்னு கிளறினோம். தண்ணியும் அதிகமாப் போச்சு. கிளறினா ஆறும், நனைஞ்சா மூச்சு முட்டும். செவ்வாய்க்கிழமை இது பருத்திச் சூடு. இன்னைக்கு நைலான். உலர்ந்தது கலந்தா நாளைக்குப் பட்டு, அப்புறம் கம்பளி. திங்கக்கிழமை திரும்ப பருத்தி வந்துரும். திங்கக்கிழமை வாங்க."

அந்தப் பெண்ணுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "பருத்தின்னா எத்தனை டிகிரி?"

"அது தெரியாது. கையில வெச்சா தாங்காது."

 அந்தப் பெண் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தாள். "ஒரு தடவை மறு பரிசோதனை பண்ணலாம்னு விதி இருக்கு. திங்கட்கிழமை, இதே நேரம். அதுக்கு மேல என் கையில இல்ல."

எல்லாரும் கலைந்தபின் கணவன் மெதுவாகக் கேட்டான். "தண்ணி அதிகம்னா, நான் ஊத்தினதா?"

"ஆமாம்."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கலாம்" என்றாள்.  சட்டைக் கையை மடித்துவிட்டு மண்வெட்டியை எடுத்தான்.

நனைந்த குவியலுக்கு உலர்ந்தது நிறைய வேண்டும். கடையில் இருந்த அட்டை ஒரு கூடைக்குக்கூடக் காணாது. அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கதவு கதவாகத் தட்டினாள். நாலாம் மாடியிலிருந்து தொடங்கினாள். முதல் கதவுக்கு வார்த்தை தேடினாள். மூன்றாவது கதவில், "காஞ்சது ஏதாவது இருக்குங்களா? அட்டை, காகிதம், மரத்தூள்" என்பது தானாக வந்தது. இடது கைக்காரன் காலணிப் பெட்டிகளைக் கொடுத்தான். வாய் தவறி, "தோல் நல்லா சீவுறீங்க தம்பி" என்று சொல்லிவிட்டாள். அவன் காதுவரை சிவந்து, "யார்கிட்டயும் சொல்லாதீங்க. என் சம்சாரந்தான் சமைக்கிறான்னு எங்கம்மா நினைச்சிட்டிருக்காங்க" என்றான்.

வாத்தியார் வீட்டுக் கதவை மட்டும் தட்டாமல் தாண்டினாள். தாண்டினவளைப் பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. வாத்தியாரின் மனைவி.

"எங்க வீட்டுல கேக்க மாட்டியா?"

"இல்லம்மா, ஐயா..."

"ஐயா கிடக்காரு. உள்ள வா." பரண்மேல் கயிற்றால் கட்டிய கட்டுக் கட்டான காகிதம். "முப்பது வருஷப் பரீட்சைப் பேப்பர். எவனாவது மார்க் பத்தலைன்னு திரும்பி வந்து கேப்பானாம், ஆதாரம் வேணுமாம். எழுதினவனுக்கெல்லாம் இப்ப பேரன் பேத்தி வந்தாச்சு. எடுத்துட்டுப் போ."

வாத்தியார் சாய்வு நாற்காலியிலிருந்து, "கடைசி ரெண்டு வருஷத்தை வெச்சுட்டுப் போகச் சொல்லு" என்றார். அதுதான் அவர் சம்மதம்.

அன்று மாலை பாதிக் கட்டடம் கீழே உட்கார்ந்து பேப்பர் கிழித்தது. சிவப்பு மையில் வட்டம் வட்டமாக இருந்ததைப் பார்த்து நாத்தனார் சொன்னாள்: "அடேயப்பா, இவரு போட்ட முட்டையெல்லாம் இங்கதான் இருக்கா. இவ்வளவு முட்டை உள்ள போகுதே, நம்ம ஒரு முட்டை வேகாதா என்ன?" இந்த முறை சிரித்தார்கள். மேலே ஜன்னல் ஒன்று சாத்தப்பட்டது, ஆனால் முழுதாக இல்லை.

கணவன் நனைந்ததை வெளியே அள்ளிப் போட்டான். அவள் ஒரு வரிசை ஈரம், இரண்டு வரிசை காகிதம் என்று திரும்ப அடுக்கினாள். நடுவில் பழக்கடையிலிருந்து வாங்கி வந்த அழுகின பழம். அள்ளும்போது ஒரு மீன் தலை வந்தது. புதுசு. நேற்றைய குறுக்கெழுத்தோடு.

அவள் அதை வெளியே வைத்தாள். பேச்சு வந்துவிட்ட வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணி, இதை இதுல போடக்கூடாது. நாத்தமே இதனாலதான். மாடிப்படியில ஒரு டப்பா வைக்கிறேன், அதுல போடுங்க. நான் தெருமுனைக்குக் கொண்டுபோறேன்."

நாத்தனார் மீன் தலையைப் பார்த்தாள். மீன் தலை நாத்தனாரைப் பார்த்தது. தொலைபேசி நிலையத்து வாழ்க்கையிலேயே இல்லாத நீளத்துக்கு ஒரு மௌனம்.

"எத்தனை நாளா தெரியும்?"

"ரெண்டு வாரமா."

"ரெண்டு வாரமா தெரிஞ்சும் வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த? நல்லவடி நீ. வாத்தியாரை நான் என்னவெல்லாம் பேசிட்டேன்" என்று நாத்தனார் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். வலிக்கிற அடி இல்லை.

வெள்ளிக்கிழமை கம்பி பட்டுச் சூடு. சனிக்கிழமையும் பட்டுதான். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் ஒரு வெள்ளைச் சட்டையை இரண்டு தடவை தேய்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை கம்பளி. மாலையில் குவியலின் உச்சியிலிருந்து லேசாக ஆவி வந்தது. நாத்தனார் ஒரு கோழி முட்டையைப் பழைய காலுறைக்குள் கட்டிக்கொண்டு இறங்கி வந்து, நடுவில் புதைத்துவிட்டுப் போனாள். "டிகிரி எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது முட்டை" என்றாள்.

திங்கட்கிழமை அந்தப் பெண் வந்தபோது முற்றம் நிறைந்திருந்தது. வாத்தியார் மேலிருந்து பார்க்காமல் கண்ணாடியோடு கீழேயே வந்துவிட்டார். செயலாளர் நாடாவைச் சட்டைப் பைக்குள் ஆழமாகத் தள்ளியிருந்தார். அளப்பதற்கு முன் அந்தப் பெண் அவளிடம் கேட்டாள்: "இன்னைக்கு என்ன துணி?"

அவள் கம்பியை உருவினாள். பிடித்தாள். உடனே கைமாற்றினாள். "பருத்தி."

ஊசி இறங்கியது. எண் ஏறியது. நாற்பதில் ஒரு கணம், ஐம்பதில் ஒரு கணம். "அறுபத்து மூணு" என்றாள் அந்தப் பெண்.

வாத்தியார் குனிந்து பார்த்தார். "அறுபத்து மூணு புள்ளி நாலு. புள்ளியை விட்டுட்டீங்க" என்றார். அவர் வாயால் மார்க்கைக் கூட்டிப் போட்டதை அந்தக் கட்டடம் அதற்கு முன் கேட்டதில்லை. அந்தப் பெண் புள்ளியையும் சேர்த்து எழுதினாள். குனிந்து முகர்ந்து பார்த்து, நாற்றம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள்.

நாத்தனார் காலுறையைத் தோண்டி எடுத்து முட்டையை உடைத்தாள். வெள்ளைக்கரு தயிர்போலக் கட்டியிருந்தது. மஞ்சள் கரு பாதி. "இதையும் எழுதிக்கோங்க" என்று நீட்டினாள்.

"முட்டைக்கு இதுல கட்டம் இல்லைங்க" என்றாள் அந்தப் பெண். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னாள். போகும்போது, "அந்தக் கம்பியைக் கொஞ்சம் பிடிச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டு, பிடித்து, "ஆ" என்று விட்டாள். "அடுத்த ஆய்வுக்குக் கால்சட்டையைக் கடையில குடுங்க" என்றாள் அவள். "ரெட்டை மடிப்பு விழுந்திருக்கு."

"யாராவது உப்பு கொண்டாங்க" என்று நாத்தனார் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்தது. கீழ்ப்படியில் மூன்று நாலு வாளிகள் அதற்குள் வந்து உட்கார்ந்திருந்தன. கணவன் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, பழக்க தோஷத்தில் குழாயை எடுத்தான். முனையைக் குவியலின் பக்கம் திருப்பினான்.

"அதை இங்க குடுங்க" என்றாள் அவள். "தண்ணி என் வேலை. கிளறுறது உங்க வேலை. பத்து நாளுக்கு ஒரு தடவை, நான் சொல்லும்போது."

அவன் குழாயைக் கொடுத்துவிட்டு, "சரிங்க மேடம்" என்றான். பத்து நாள் கழித்து என்ன கிழமை வருகிறது என்று விரல்விட்டு எண்ணினான். சனிக்கிழமை மதியம் தனக்கு ஷிப்டு இல்லை, வியாழன் என்றால் சிரமம் என்று அவன் பேசிக்கொண்டே போக, அவள் கேட்டுக்கொண்டே முதல் வாளியைத் தூக்கினாள். அதில் ஆரஞ்சுத் தோல் இல்லை. திரும்பவும் வெங்காயத் தோல். இரண்டாம் மாடியில் எழுந்து சமைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.